நடக்காத கூட்டத்தில் துனிசிய வழக்கறிஞர் ஆவேசம்

என் பாஸ்போர்ட்டுக்கு இது ஒன்பதாவது வயது. இதுவரை ஒரு முத்திரை விழுந்ததில்லை. கேஸ் இணைப்பு, சிம் கார்டு, வங்கி என்று அதன் நகல்தான் ஊர் சுற்றியிருக்கிறது. ஆகவே ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு வாய்த்த வெளிநாட்டுப் பயணம், பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் போய்வந்த மூன்று நாட்கள்தான். சிரிக்க வேண்டாம். பேருந்தின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாத ஊர், குடிக்கத் தண்ணீர் கேட்டால் ரோஸ் நிறத்தில் வெந்நீர் கொடுக்கும் ஊர் எனக்கு வெளிநாடுதான். தவிர, அங்கே நான் அழைத்து வரப் போனது துனிசியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியை. அந்த மூன்று நாட்களில் துனிசியாவில் ஒரு வழக்கை நான் கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டேன். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களில் எத்தனை பேரால் இது முடியும்?

முதலில் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். முழு நேரம் ஜெராக்ஸ் கடை. பகுதி நேரம் ஒரு நாளிதழின் நிருபர். விழாச் செய்திகள் என் துறை. இதில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு: விழாச் செய்தி எழுத விழாவுக்குப் போக வேண்டியதில்லை. அழைப்பிதழ் போதும். இன்னார் தலைமை தாங்கினார், இன்னார் முன்னிலை வகித்தார், முடிவில் இன்னார் நன்றி கூறினார். பக்கம் மாலை ஐந்தரைக்கு முடியும். விழா ஆறு மணிக்குத்தான் தொடங்கும். ஆகவே மதியமே எழுதி அனுப்பிவிடுவோம். சிறப்பு விருந்தினர் என்ன பேசினார் என்பதற்கு அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால் போதும். டாக்டர் என்றால் நடைப்பயிற்சி. போலீஸ் அதிகாரி என்றால் ஹெல்மெட். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்றால் செல்போன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மறுப்புகூட வந்ததில்லை. அவ்வளவு நன்றாகப் பேசியதற்காக எனக்கே ஃபோன் செய்து நன்றி சொன்னவர்கள் உண்டு.

முதல் நாள் நேராகக் கரமனை. அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு. அத்திம்பேர் மகாதேவன் வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீல். ஆற்றங்கரைப் பக்கத்திலுள்ள வாயனசாலைக்கு, அதாவது வாசகசாலைக்கு, பதினாறு வருஷமாகச் செயலாளர். வேறு யாரும் போட்டி போடாததால் தொடர்ந்து வென்று வருகிறார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அழைப்பிதழை நீட்டினார்.

"நாளைக்கு நம்ம வாயனசாலைல ப்ரோக்ராமாக்கும். அரபு நாட்டு எழுச்சிக்கு அப்பறம் சட்டமும் பத்திரிகையும். துனிசியாலேந்து ஒரு லேடி அட்வகேட். கழக்கூட்டம் பக்கம் ஏதோ செமினாருக்கு வந்திருக்கா. ஒரு சாயங்காலம் நமக்குத் தரேன்னுட்டா."

"பெரிய ஆளா அத்திம்பேர்?"

"இதுவரைக்கும் நம்ம வாயனசாலைக்கு ரொம்ப தூரத்திலேந்து வந்தவர் ஆலப்புழைக்காரர். நீயே பாத்துக்கோ. நாளைக்குப் போய் அவளைக் கூட்டிண்டு வரணும். உன் பேப்பர்ல செய்தியும் வரணும். நம்ம தெருவிலே பாதிப் பேர் அதான் படிக்கறா. காரமா எழுதணும், கேட்டியா? சும்மா உரையாற்றினார்னு முடிச்சுடப்படாது."

"அவனை முதல்ல காப்பி குடிக்க விடுங்கோ," என்றாள் அக்கா. அவள் கவலை வேறு. "நாளைக்கு அவாளுக்கு இங்கதான் சாப்பாடு. போளியும் பால்பாயசமும் பண்ணறேன். கொழம்புக்குக் காரம் குறைச்சுடவா? வெளிநாட்டுக்காரா, நாக்கு தாங்குமோ என்னவோ."

ஆக மறுநாள் கூட்டத்தில் காரம் அதிகம், குழம்பில் காரம் குறைவு என்று குடும்பமாக முடிவு செய்தோம்.

இரண்டாம் நாள் காலை இட்லிக்குப் பிறகு செய்தி எழுத உட்கார்ந்தேன். துனிசியாவைப் பற்றிச் செல்போனில் அரை மணி நேரம் படித்தேன். மக்கள் தெருவுக்கு வந்தார்கள், அதுவரை நாட்டை ஆண்டவர் ஓடிப்போனார், பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் வந்தது, புதிய அரசியல் சாசனம் வந்தது, பிறகு வேறொருவர் வந்து நாடாளுமன்றத்தைப் பூட்டினார். எனக்கு இது தாராளம். நடைப்பயிற்சியை வைத்துக்கொண்டே நான் ஒரு முழுப் பத்தி, பத்திரிகை பாஷையில் ஒரு காலம், எழுதியவன்.

"துனிசியாவில் நீதிமன்றங்கள் ஆட்சியாளர்களின் கைப்பாவை: கரமனையில் பெண் வழக்கறிஞர் ஆவேசம்" என்று தலைப்பு. உள்ளே, "அங்கே நீதிபதிகள் தீர்ப்பு எழுதுவதில்லை, வாங்கிக்கொள்கிறார்கள்" என்று அவர் கூறினார். "இன்னொரு எழுச்சி வெடித்தே தீரும்" என்றும் அவர் கூறினார். கூட்டத்தினர் எழுந்து நின்று கைதட்டினர். முடிவில் செயலாளர் மகாதேவன் நன்றி கூறினார். பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அத்திம்பேருக்குப் படித்துக் காட்டியபோது அவரே எழுந்து நிற்கப் பார்த்தார்.

அவரது ஜூனியரின் காரில் போவதாகத் திட்டம். கார் ஸ்டார்ட் ஆகவில்லை. "பஸ்ஸிலே கூட்டிண்டு வாடா, அவா எளிமையானவா," என்றார் அத்திம்பேர், ஒருமுறைகூடச் சந்திக்காதவரைப் பற்றி. முன்கூட்டியே சொல்வது எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது.

நகரின் ஐ.டி. பேட்டையான கழக்கூட்டத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்காதவன் நான் ஒருவன்தான். கணினி அலுவலகக் கூட்டத்தை நீந்திச் செமினார் நடந்த கல்லூரியின் வாசலுக்குப் போனேன். அழைப்பிதழில் பெயர் போட்டிருந்த ஹனேன் அங்கே நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டை முடி, ஓடுகிற ஷூ, ஒரு குடித்தனத்தையே வைக்கலாம் போன்ற கைப்பை. இனி அவர் பேசுவதெல்லாம் ஆங்கிலத்திலிருந்து என் தமிழில். இவற்றையெல்லாம் காதால் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"நீங்கள்தான் பத்திரிகையாளரா?" என்றார். இருபத்தாறு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். ஜெராக்ஸ் கடையைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அந்தப் பெருமிதத்தில்தான் பேருந்து நிறுத்தத்தைக் கோட்டைவிட்டேன். நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலம், கீழே ஒரு சாலை, இரண்டு பக்கமும் பேருந்து. உறுதியாக நடந்து, உறுதியாக ஒன்றில் ஏற்றினேன். இரண்டு மைல் போன பிறகு கண்டக்டர் வந்தார்.

"கிழக்கேகோட்டை ரெண்டு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்து மலையாளத்தில் சொன்னது ஏறக்குறைய இது: "போகலாமே. ஆற்றிங்கல் வரை போய், டிரைவர் சாயா குடித்து, வண்டி திரும்பும்போது கண்டிப்பாகப் போகும்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். ஹனேன் கோபப்படவில்லை. "எங்கள் ஊரில் எழுச்சிக்குப் பிறகு வந்த அரசாங்கங்களும் இப்படித்தான். உறுதியாக ஏறினோம்," என்றார்.

எதிர்ப்பக்கத்துச் சாயாக்கடையில் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். ஏத்தம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது, இனிப்பு. அவர் ஒரு கடி கடித்துவிட்டுக் கைப்பையைத் திறந்து, பற்பசை போல ஒரு குழாயை எடுத்துச் சிவப்பாக எதையோ அதன்மேல் பிதுக்கினார். அவர்கள் ஊர் மிளகாய் விழுது, ஹரீஸாவாம். எனக்கும் கொஞ்சம் வைத்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மூக்கிலும். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "மாடம் நல்லா இருக்காங்க. சாருக்குத் தண்ணி வேணுமா?" என்றார். ரோஸ் நிறத் தண்ணீர் அன்றுதான் எனக்குப் பிடித்தது. அக்கா குழம்பில் காரம் குறைத்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது.

சரியான பேருந்தில் சரியான திசையில் உட்கார்ந்தபோது மணி மூன்றரை. ஹனேன் பேச ஆரம்பித்தார்.

"பழைய ஆட்சியில் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் ஒரே படம். ஆண்டவரின் படம். மழை பெய்தாலும் அவர்தான், கால்பந்தில் தோற்றாலும் அவர்தான். அவர் ஓடிய பிறகு செய்தித் துறைக்கு என்று இருந்த அமைச்சகத்தையே எடுத்துவிட்டோம். அப்புறம் பத்து வருஷம் நாங்கள் வாயை மூடவே இல்லை. நானே வானொலியில் சட்ட ஆலோசனை நிகழ்ச்சி நடத்தினேன். ஒரு ஆள் வாரம் தவறாமல் கூப்பிட்டு, இந்தச் சுதந்திரம் மாமியாருக்கும் உண்டா என்று கேட்பான்."

"என்ன சொன்னீங்க?"

"சாசனத்தில் விதிவிலக்கு எதுவும் இல்லை என்றேன். போனை வைத்துவிட்டான்."

"அப்புறம் நாடாளுமன்றத்தைப் பூட்டினப்போ யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"நிறையப் பேர் தெருவில் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். என் அம்மாவும். பத்து வருஷம் எல்லோரும் பேசியதைக் கேட்டுக் களைத்துப்போயிருந்தாள். நல்ல காரணம்தான். இப்போது பேச்சு குறைந்துவிட்டது. பொய்ச் செய்தி பரப்பினால் ஐந்து வருஷம் சிறை என்று ஒரு சட்டம் இருக்கிறது. எது பொய் என்பதை அவர்கள் சொல்வார்கள்."

அப்போது அவருக்கு ஃபோன் வந்தது. அரபியும் பிரெஞ்சும் கலந்து பத்து நிமிடம் பேசினார். வைத்துவிட்டு, "என் கட்சிக்காரன் விஷயம்," என்றார். வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தியவனாம். ரொட்டிக்கு வரிசை நிற்கிறது என்று சொன்னதற்காக உள்ளே இருக்கிறான். திங்கட்கிழமை விசாரணை. இவர்தான் வழக்கறிஞர்.

"அவன் மனைவி கேட்கிறாள், இந்தியாவில் நான் எதுவும் பேசவில்லையே என்று. அரசு வழக்கறிஞரிடம் எனக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. நான் எந்த நாட்டில் என்ன சொன்னேன் என்று பத்திரிகைத் துணுக்குகள், மொழிபெயர்ப்போடு. போன வருஷம் இத்தாலியில் நான் கொடுத்த சமையல் பேட்டிகூட இருக்கிறது. நீதிமன்றத்தைப் பற்றி வெளிநாட்டில் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னேன் என்று காட்டினால் என்னை அந்த வழக்கிலிருந்து விலக்கிவிடுவார்கள். அவனுக்கு வேறு வக்கீல் கிடையாது. வர மாட்டார்கள். அதனால் இன்றைக்குச் சாசனம் எப்படி எழுதினோம் என்பதை மட்டும் சொல்லப் போகிறேன். உங்கள் அத்திம்பேர் கோபித்துக்கொள்வாரா?"

அத்திம்பேர் என்ற சொல்லை அவர் அழகாகச் சொன்னார். நான் அதை ரசிக்கும் நிலையில் இல்லை. பதினொன்றரைக்கு நான் அனுப்பிய தலைப்பு நினைவுக்கு வந்தது.

அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். வேறு அழைப்பில் இருந்தார்கள். நாலேகாலுக்கு, நகருக்குள் பாளையம் சந்திப்பைத் தாண்டியதும் பேருந்து நின்றது. நின்றது என்றால், டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பர் விரித்துவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"தலைமைச் செயலகத்துக்கு முன்னாடி சமரம்," என்றார் பக்கத்து இருக்கைக்காரர். சமரம் என்றால் போராட்டம். மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார்.

இறங்கி நடந்தோம். நான் ஒரு கையால் ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு, மறு கையால் துனிசியாவை வழிநடத்திக்கொண்டு. செயலகத்தின் முன்னால் பந்தல்கள் வரிசையாக. ஒன்றில் உண்ணாவிரதம், ஒன்றில் தர்ணா, ஒன்றில் ஆளே இல்லை, பதாகை மட்டும். நடுச்சாலையில் கொடிகளோடு ஒரு கூட்டம் தடுப்புக் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போலீஸ்காரர்கள் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேமராக்காரர் ஒருவர், "ஒரு நிமிஷம், லென்ஸ் மாத்திக்கறேன்," என்றதும் இரண்டு பக்கமும் ஆட்டுவதை நிறுத்திக் காத்திருந்தார்கள்.

ஹனேன் அசையாமல் நின்று பார்த்தார். "எத்தனை பேர் கைதாவார்கள்?"

ஓரமாக நின்ற போலீஸ்காரரிடம் கேட்டுச் சொன்னேன். பாறசாலைக்காரராம், தமிழ் தெரிந்தவர். "எல்லாரையும் வண்டில ஏத்தி சாயங்காலம் விட்டுருவோம் சார். நாளைக்கு இதே எடத்தில வேற கட்சி. இவங்க நாளைக்கு லீவு."

மொழிபெயர்த்தேன். ஹனேன் சிரிக்கவில்லை. "எழுச்சியை இப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிடலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை," என்றார்.

அந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் முருகேசன் ஃபோனை எடுத்தார். எங்கள் பக்கத்தைச் செய்யும் உதவி ஆசிரியர். நாலு ஐம்பது.

"சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க செய்தி முதல் பக்கத்துல நாலு காலம் சார். எல்லாப் பதிப்புலயும் போகுது. உங்க பேரோட."

என் வாழ்நாளின் அதிகபட்சம் இரண்டு காலம். அதுவும் கிணற்றில் விழுந்த மாடு. அதில் என் பெயர் கிடையாது.

"எடுத்துருங்க," என்றேன்.

"என்னது? சத்தமா இருக்கு சார்."

"எடுத்துருங்க. அந்தம்மா அதையெல்லாம் சொல்லலை."

"சொல்லலைன்னா? இனிமே சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க."

"கூட்டம் முடிஞ்சிருச்சா சார்?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நான் எழுதினது பொய். எல்லாம் நானா எழுதினது." கோஷத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி, "சார், உங்க சமரம் எதுக்கு?" என்றார்.

ஃபோனில் முருகேசன் குரலைத் தாழ்த்தினார். "சார், எல்லாரும் அப்படித்தான் எழுதுதாங்க. அதை ஏன் ஃபோன்ல சொல்லுதீங்க? எனக்குக் கேக்கலைன்னு வச்சுக்கிடுவோம். இப்ப நாலு காலத்துக்கு நான் என்னத்தப் போட?"

"முருகேசன், அது வந்தா ஒரு ஆளுக்கு வக்கீல் இல்லாமப் போயிரும். ஜெயில்ல கிடக்கான்."

"எந்த ஜெயில்ல? பாளையங்கோட்டையிலயா?"

"துனிசியாவுல."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். "எடுத்துருதேன். ஆனா சார், முதல் பக்கத்துக்கு இனிமே உங்களை யாரும் கேக்க மாட்டாங்க. பாத்துக்கிடுங்க."

ஃபோனைச் சட்டைப் பையில் போட்டேன். ஹனேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனைவியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருஷப் பழக்கம் அதைத்தான் சொல்லச் சொன்னது. ஆனால் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு பந்தலின் காலியான நாற்காலியில் உட்கார்ந்து, செய்தியைப் படித்துக் காட்டச் சொன்னார். வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். கைப்பாவை. ஆவேசம். தீர்ப்பை வாங்கிக்கொள்கிறார்கள். வெடித்தே தீரும்.

"கைதட்டினார்களா?"

"எழுந்து நின்று."

"எங்கள் பழைய பத்திரிகையிலும் உங்களைப் போல ஒருவர் இருந்தார். ஆண்டவர் பேசுவதற்கு முந்தின நாளே பேச்சு அச்சாகிவிடும், கைதட்டல் உட்பட. அதைத் தாங்க முடியாமல்தான் நாங்கள் தெருவுக்கு வந்தோம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனால் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்களா?"

"வரிக்கு இவ்வளவு என்று கணக்கு. அதுவும் சில மாதம்."

"அப்படியானால் அவரைவிட நீங்கள் மோசம். அவர் பயத்தில் செய்தார்." அதற்குப் பிறகுதான் சிரித்தார். நான் சிரிக்க இன்னும் சில நாள் பிடித்தது.

உண்மையாகவே எடுத்துவிட்டார்களா என்று ஆட்டோவில் மூன்று முறை கேட்டார். எடுத்துவிடுவார் என்று மூன்று முறை சொன்னேன். நாளைக் காலை பேப்பர் பார்க்கும்வரை இரண்டு பேருக்குமே தெரியப் போவதில்லை.

வாயனசாலையில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் முதல் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்தேன். அத்திம்பேர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். செய்தியை அனுப்பிவிட்டவன் எதற்கு நோட்டு வைத்திருக்கிறான் என்று. ஹனேன் சாசனம் எழுதிய கதையைச் சொன்னார். ஒரு சொல்லுக்காகப் பதினோரு மணி நேரம் சண்டை போட்டதையும், டீ கொண்டுவந்தவர் ஒரு திருத்தம் சொன்னதையும் சொன்னார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு பேச்சை உட்கார்ந்து முழுவதும் கேட்டால் கை இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் கேள்வி நேரம். திருவனந்தபுரத்தில் கேள்வி என்றால் அது இன்னொரு பேச்சு. கடைசியில் குரல் லேசாக உயரும், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுந்து எட்டு நிமிடம் உலக வரலாற்றைச் சொல்லிவிட்டு, "அப்போ உங்க நாட்டுல கோர்ட்டுக்கு சுதந்திரம் உண்டா, இல்லையா? ரெண்டிலே ஒண்ணு சொல்லணும்," என்றார்.

மூன்று பேர் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹனேன் என் நோட்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை ஒரு கோர்ட்டில் நிற்கப் போகிறேன். செவ்வாய்க்கிழமை கேளுங்கள்."

யாரும் எழுந்து நிற்கவில்லை. முதலில் ஒருவர் கைதட்டினார், பிறகு சிலர், பிறகு எல்லோரும். கேள்வி கேட்டவர்தான் கடைசியாக நிறுத்தினார். அத்திம்பேர் என் காதில், "என்னடா இது, கடைசிலயும் காரமா ஒண்ணும் சொல்லலையே," என்றார். அந்த ஏமாற்றத்தில் நன்றி சொல்ல மறந்துவிட்டார். கூட்டம் அப்படியே கலைந்தது.

அக்கா இலையில் போளியை வைத்து அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றினாள். ஹனேன் முதல் வாய்க்குப் பிறகு பேச்சையே விட்டுவிட்டார். ஆனால் குழம்பைத் தொட்டுப் பார்த்ததும் அவர் கை கைப்பைப் பக்கம் போவதைக் கண்டு, நான் அவசரமாக மோர்மிளகாய்க் கிண்ணத்தை நகர்த்தினேன். நிலக்கடலை மாதிரி சாப்பிட்டார். "நான் பயந்தது வெறுதே," என்றாள் அக்கா. வெறுதே என்றால் வீணாக.

மூன்றாம் நாள் காலை தம்பானூர் பேருந்து நிலையத்தில் பேப்பர் வாங்கி, நின்றபடியே எட்டுப் பக்கத்தையும் புரட்டினேன். இல்லை. முதல் பக்கத்து நாலு கால இடத்தில் ஒரு நகைக்கடை திறந்திருந்தது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஹனேனுக்கு அனுப்பினேன். "நல்ல நகை," என்று பதில் வந்தது.

உண்மைச் செய்தியையும் எழுதி அனுப்பினேன். "இதில செய்தின்னு ஒண்ணுமே இல்லையே சார்," என்றார் முருகேசன். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை உள்பக்கத்தில் ஐந்து வரி வந்தது. நான்கு வரி நான் எழுதியது, நடந்தது. ஐந்தாவது வரி, "முடிவில் செயலாளர் மகாதேவன் நன்றி கூறினார்." அதை முருகேசன் பழக்கதோஷத்தில் சேர்த்திருந்தார். அத்திம்பேர் அதை வெட்டி வைத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை நான் கடையில் யாருக்கோ சாதிச் சான்றிதழ் நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "வழக்கு மூன்று வாரம் தள்ளிவைப்பு. என் ஆள் இன்னும் உள்ளேதான். நான் ஒரு மணி நேரம் வாதாடினேன். அரசு வழக்கறிஞர் என் கோப்பைக் கொண்டுவந்தார். பிரெஞ்சு இருந்தது, இத்தாலியன் இருந்தது. தமிழ் இல்லை."

உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று நடந்த ஆர்ப்பாட்டங்களுக்கு மட்டும் நான் நாற்பது செய்தியாவது எழுதியிருப்பேன், பெரும்பாலும் போகாமலே. ஒரு நீதிமன்றத்தில் தமிழ் இல்லை என்று கேட்டு இவ்வளவு நிம்மதியாக மூச்சுவிட்ட தமிழன் அன்றைக்குப் பாளையங்கோட்டையில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். சான்றிதழுக்கு நின்றவர், "என்ன சார், நல்ல சேதியா?" என்றார்.

"மூணு வாரம் கழிச்சுத் தெரியும்," என்றேன்.